கை தேய்ந்த இடம்

மண்ணூர் போகிற சாலையில் எல்லப்பன் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த கடைகளில் கடைசிக் கடையின் முன்னால் ஒரு சிவப்பு கிடார் தொங்கும். சும்மா சிவப்பு இல்லை. இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனி லைனில் அந்த வருஷம் ஓடிக்கொண்டிருந்த கார்களின் சிவப்பு. வெயில் பட்டால் உள்ளுக்குள் பொடிப்பொடியாக மினுங்கும். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் நின்று அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குப் போவார்கள். நாள் முழுக்க அந்த நிறத்தை லைனில் பார்த்துப் பார்த்து அனுப்புகிறவர்கள்தான். அந்தக் கார் தங்கள் வாசலில் வந்து நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதே நிறத்தில் ஒரு கிடார் தன் அறை ஆணியில் தொங்கலாம் என்றதும் அவர்கள் மூளையில் பல்பு எரிந்தது. அதைச் செய்து விற்ற இசக்கிபாண்டியின் தொழில் ஓட ஆரம்பித்தது அப்படித்தான்.

அவனே முன்பு அந்தக் கம்பெனிக்காரன்தான். வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமம். ஊரில் ஒரு மரப்பட்டறையில் கொஞ்ச காலம் உளி பிடித்தவன், பிழைப்புக்கு இங்கே வந்து பெயின்ட் ஷாப்பில் காண்ட்ராக்டில் சேர்ந்தான். வேலை, குறை கண்டுபிடிப்பது. இருபுறமும் தலைக்கு மேலும் டியூப்லைட்டுகள் எரியும் ஒரு சுரங்கத்துக்குள் காரின் கூடு மெல்ல நகர்ந்து வரும். பூச்சில் ஒரு தூசி, ஒரு கீறல், ஒரு மங்கல் இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். பிறகு ரெண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, அப்படி ஒரு குறை இருந்ததே தெரியாமல் பண்ண வேண்டும். “கஸ்டமர் கண்ணுல ஒண்ணும் படக்கூடாது” என்பது சூப்பர்வைசர் காலை மாலை ஓதும் மந்திரம். சில வருஷத்தில் இசக்கிக்குக் கண் அப்படியே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தைப் பார்ப்பான்.

காண்ட்ராக்ட் முடிந்து ஆட்களைக் குறைத்தபோது அவனையும் வெளியே அனுப்பினார்கள். அதற்குள் கிடார் அவன் கைக்கு வந்திருந்தது. அறைத்தோழன் ஒருவனுடைய கிடாரில் பிய்ந்துபோன பாகத்தை ஒட்டிக் கொடுத்ததில் ஆரம்பித்தது. சர்ச் பாடகர் குழு, கல்யாணக் கச்சேரிக்காரர்கள் என்று வாய்வழியாகவே ஆள் வந்தது. பிறகு அவனே சொந்தமாகச் செய்யத் தொடங்கினான். கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின்கள் மரப்பெட்டியில் வந்து இறங்கும். பெட்டியை உடைத்துப் பழைய சாமான் கடையில் போட்டுவிடுவார்கள். அந்தக் குவியலுக்குள் புகுந்து, ரேகை நேராக ஓடும் வெள்ளைப் பலகையாகத் தட்டித் தட்டிப் பொறுக்குவான்.

“இன்னாயா இது, தேங்கா கடையில தட்டிப் பாக்குற மாதிரி பொட்டிய தட்டிகினு கீற?” என்பான் எல்லப்பன்.

“தேங்காய்னா தண்ணி இருக்கான்னு பாக்கணும். இதுல சத்தம் இருக்கான்னு பாக்கேன்.”

“சத்தம் தானே, எங்க வூட்டுக்கு வா. என் பொண்டாட்டி கீது.”

மனைவி முத்துச்செல்வி கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதல் காரியமாகச் சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். கடையின் பின்பாதிதான் வீடு. மரத்தூளும் பெயின்ட் வாசமும் புளிக்குழம்பில் விழாமல் இருக்க ஒரு பழைய போர்வையைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். புளிக்குழம்பு என்னவோ கேட்டதில்லை.

அந்த அம்மாள் கடைக்கு வந்தது ஆடி மாதத்தில். காற்று சாலைப் புழுதியை வாரிக் கடைக்குள் இறைத்துக்கொண்டிருந்தது. ஐம்பது தாண்டிய வயது, ஒன்பது கஜம் கட்டியிருந்தாள். வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒன்றைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தி பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

“ஏம்ப்பா, கிடார் ரிப்பேர் பண்றது இங்கதானே?”

“இங்கதாம்மா. உக்காருங்க.” இசக்கி ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

அவள் வேட்டியைப் பிரித்தாள். கிடாரின் கழுத்து தலைப்பக்கத்தில் ஒடிந்து, தந்திகளின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இந்தக் கழுத்து ஒட்டுமான்னு பாரு. ஒட்டாதுன்னா சொல்லிடு, எடுத்துண்டு போயிடறேன்.”

“நல்லா ஒட்டும்மா. யாரு வாசிக்கது?”

“என் பிள்ளை. யதிராஜ்னு பேர். இருங்காட்டுக்கோட்டையிலேதான் வேலையா இருந்தான்.” வேட்டியின் முனையை நீவிவிட்டாள். “மாசியிலே தவறிப் போயிட்டான். சிநேகிதன் கல்யாணத்துலே வாசிச்சுட்டு, இதை முதுகிலே மாட்டிண்டு வண்டியிலே வந்துண்டிருந்தானாம். ஹைவேயிலே லைட்டே போடாம ஒரு லாரி நின்னுண்டிருந்திருக்கு.”

அந்தச் சாலையில் அப்படி நிற்கும் லாரிகளைப் பற்றிப் புதிதாக யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இசக்கி முன்பு தங்கியிருந்த அறையிலேயே ஒருவனுக்கு அப்படித்தான் கால் போனது.

“எங்காத்துலே அவருக்குக் கோயில்லே பிரபந்த கோஷ்டி. காது ரொம்பக் கூர்மை. இதுலே ஒரு தந்தி இரையும். ‘தந்தி இரையறதுடா, காதிலே ரம்பம் போடறாப்லே இருக்குடா’ன்னு உள்ளேர்ந்து சத்தம் போடுவார். அவன் சிரிச்சுண்டே இன்னும் கொஞ்சம் பலமா வாசிப்பான்.” அவள் முகத்தில் அந்தச் சிரிப்பின் சாயல் வந்து போனது. “இனிமே வாசிக்க ஆத்துலே யாருமில்லே. ஆனா ஒடிஞ்சபடி கிடக்கப்படாதுன்னு எனக்கு. பார்க்கறச்சேயெல்லாம் அவன் விழுந்ததுதான் ஞாபகம் வரது. கழுத்தை மட்டும் ஒட்டிக் கொடு, போதும்.”

“செஞ்சு தாரேம்மா. நானே கொண்டாந்து தாரேன். நீங்க அலைய வேண்டாம்.”

அரவிந்தவல்லி என்று பெயரும், ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டு அடையாளமும் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் ஏறியவள் ஜன்னல் வழியாகக் கடையைத் திரும்பிப் பார்த்தாள்.

இசக்கி கிடாரை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்தான். பாவம் அந்த அம்மா என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தாலும் கண் தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. வாசிப்பவன் வலது முன்கையைச் சாய்த்து வைக்கும் மேல் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு தேய்ந்து, மரம் வெளியே தெரிந்தது. வியர்வை ஊறி அந்த இடம் கறுத்திருந்தது. கழுத்தின் மேல் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளில், ஃப்ரெட் என்பார்கள், விரல் அழுத்தி அழுத்திச் சின்னச் சின்னப் பள்ளங்கள். இரைச்சலுக்குக் காரணம் அதுதான். துளைக்குக் கீழே விசிறிபோலக் கீறல்கள். அவன் தன்னையறியாமல் சாக்பீஸை எடுத்து ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

முத்துச்செல்வி வேலைவிட்டு வந்ததும் நடந்ததைச் சொன்னான். அவள் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

“எத்தன வயசாம்?”

“கேக்கல. முப்பதுக்குள்ளதான் இருக்கும். எளந்தாரிப் பய.”

“பெத்த வயிறு எப்பிடித் துடிக்குமோ.” அவள் கிடாரைப் பார்த்தாள். “இது என்னத்துக்கு இத்தன வட்டம் போட்டு வச்சிருக்கிய? கழுத்த மட்டுந்தான ஒட்டச் சொன்னாவ?”

“கழுத்த மட்டும் ஒட்டிக் குடுத்தா நல்லாவாளா இருக்கும்? காயத்துக்குக் கட்டுப் போட்டுட்டு மொகத்தக் கழுவாம வீட்டுக்கு அனுப்புன மாதிரில்லா இருக்கும். மொத்தத்தையும் தேச்சு, கம்பி மாத்தி, நம்ம கார் கிளியர் பூச்சு அடிச்சு, இன்னைக்குக் கடையில வாங்குன மாதிரி ஆக்கிருதேன்.”

“கேட்டுட்டுச் செய்யுங்களேன்.”

“கேட்டா, வீண் செலவுன்னு வேண்டாம்பாவ. நான் என்ன காசா வாங்கப் போறேன்? பிள்ளய வாரிக் குடுத்துட்டு நிக்காவ. இதப் பாத்து ஒரு நிமிசம் மொகம் மலர்ந்தாவன்னா, அது போதும்ளா எனக்கு.”

முத்துச்செல்வி எழுந்து வந்தாள். ஒயர் முனைகளை அழுத்தி அழுத்தி அவள் விரல்நுனிகள் காய்த்துப்போயிருக்கும். அந்த விரல்களை ஃப்ரெட் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

“இங்கதான் விரல வச்சிருப்பான் என்ன?”

“ஆமா. அதான் இரையுது. புதுசு போட்டுட்டா மணி மாதிரி பேசும்.”

அவள் விரல்களை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. அரிசி போடப் போய்விட்டாள்.

வேலையை அவன் மனசாரச் செய்தான். உடைந்த இடத்தில் ஆவி காட்டி, நாரை நாரோடு பொருத்திக் கோந்து ஊட்டி, சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கச் சுற்றினான். காய்ந்ததும் ட்யூபை அவிழ்த்தான். ஒட்டு எங்கே என்று அவனுக்கே தேட வேண்டியிருந்தது. அந்த அம்மாள் கேட்ட வேலை அதோடு முடிந்துபோனது. அவன்தான் முடிக்கவில்லை. பழைய ஃப்ரெட் கம்பிகளைச் சூடு காட்டிப் பிடுங்கி, கழிவுத் துண்டுகள் போடும் டால்டா டப்பாவில் எறிந்தான். கழுத்துப் பலகையைச் சீவிச் சமமாக்கிப் புதுக் கம்பிகள் பதித்தான். பிறகு பழைய பூச்சு முழுவதையும் தேய்த்தெடுத்தான். மேல் விளிம்பில் கறுத்த இடம்தான் லேசில் போகவில்லை. வியர்வை மரத்துக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. விடாமல் தேய்த்தான். கறுப்பு கொஞ்சங்கொஞ்சமாகத் தூளாகி உதிர்ந்து, கடைசியில் மரம் பச்சைப்பிள்ளை மேனிபோல வெளுத்தது. அந்தத் தூளை வாயால் ஊதினான்.

தூசி விழாமல் இருக்க நாலு பக்கமும் ஈர வேட்டியைத் தொங்கவிட்டு, கார்களுக்கு மேல்பூச்சாக அடிக்கும் கிளியரை அடித்தான். காய்ந்தபின் தண்ணீர் தொட்டு ரெண்டாயிரம் நம்பர் பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டு, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தான். டியூப்லைட்டின் பிம்பம் கிடாரின் மேல் கோடு போட்டதுபோல் நேராக விழுந்தது. எங்கும் ஒரு நெளிவு இல்லை.

எல்லப்பன் வந்து குனிந்து பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டான். “யோவ் இசக்கி, மூஞ்சி தெரியுதுயா! ஷோரூம்லேர்ந்து எறக்குன மாதிரி கீது. அந்தம்மா அப்டியே ஷாக் ஆயிடும் பாரு.”

ஸ்ரீபெரும்புதூருக்கு அவன் வெள்ளிக்கிழமை காலையில் போனான். தெருவில் சாம்பிராணி வாசம். அரவிந்தவல்லி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். கூடத்தில் ஒரு மர பெஞ்சு, அதற்கு மேல் சுவரில் ஆணி. கிடாரின் இடம் அதுதான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

வேட்டியைப் பிரித்து அவள் மடியில் வைத்துவிட்டு இசக்கி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் முதலில் கழுத்தைத் தடவினாள். “அடடா, ஒட்டினதே தெரியலையேப்பா” என்றாள். பிறகு அவள் கை பழக்கதோஷத்தில் போவதுபோல மேல் விளிம்புக்குப் போனது. அங்கே வழுக்கியது. கையை எடுத்து, சரியான இடம்தானா என்று பார்த்து, மறுபடி வைத்தாள். கிடாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். கடைக்காரன் வேறு யாருடைய கிடாரையோ மாற்றிக் கொண்டுவந்துவிட்டானோ என்று தேடுகிறவள்போல இருந்தது.

“இங்க ஒரு இடம் இருந்ததே.”

“ஆமாம்மா, பாலிஷ் தேஞ்சு, வேர்வ பட்டுக் கறுத்துப் போயிருந்து. சுத்தமா எடுத்துட்டேன். இது காருக்கு அடிக்கிற பூச்சும்மா. இனி ஆயுசுக்கும் தேயாது.”

“அது அவன் கை வெச்சுக்கற இடம்ப்பா” என்றாள் அரவிந்தவல்லி. குரலை உயர்த்தவில்லை. “தினம் மத்தியானம் அங்கதான் நான் கையை வெச்சுண்டு உக்காந்திருப்பேன்.”

இசக்கி பிரித்த வேட்டியை மடிக்கத் தொடங்கினான்.

உள்ளேயிருந்து வரது வந்தார். அவள் கணவர். ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருமண், கோயிலிலிருந்து வந்து இன்னும் பஞ்சகச்சம் மாற்றவில்லை. மனைவியைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார். “அந்த மூணாவது தந்தியை நடுவிலே அழுத்தித் தட்டு” என்றார்.

இசக்கி தட்டினான். சுத்தமாக, மணி அடித்ததுபோல் சத்தம் வந்து நின்றது.

“இரையலையே.”

“கம்பி பள்ளமா இருந்துது சாமி. எல்லாம் மாத்திட்டேன்.”

“ம்” என்றார் வரது. “எத்தனை வருஷமா இதைச் சரி பண்ணுடா சரி பண்ணுடான்னு கத்திண்டிருந்தேன்.” கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் எதையும் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

அரவிந்தவல்லி எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். “குடிப்பா. வெயில்லே வந்திருக்கே. நீ நன்னாத்தான் பண்ணியிருக்கே. உன் பேரிலே தப்பே இல்லே. நான்தான் சொல்லியிருக்கணும்.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் கொஞ்சம் பிழைத்திருப்பான். அந்த மோரைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினான். எப்படித் தெருவுக்கு வந்தான், எந்த பஸ் ஏறினான் என்று தெரியவில்லை.

சாயங்காலம் முத்துச்செல்வி வந்தபோது கடையில் விளக்கு எரியவில்லை. அவன் போர்வைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

“அந்தப் பய அந்தக் கெடார்ல மிச்சம் இருந்தாம்ளா. அத நான் தேச்சு ஊதிட்டேன். என் வாயாலயே ஊதுனேன்.”

“அன்னைக்கே எனக்குத் தோணுச்சு. விரல வச்சுப் பாத்தேம்லா, அப்பவே சொல்லிருக்கணும்.”

“நீ சொன்ன. கேட்டுட்டுச் செய்யின்னு சொன்ன. நாந்தான் பெரிய இவன் மாதிரி பேசுனேன். குத்தம் எங்கன்னு பாத்துப் பாத்து அவிஞ்ச கண்ணு. அதுக்கு வேற எதுவும் தெரியல.”

அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இரண்டு பேரும் வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் மோரைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்விட்டான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடை திறந்திருந்தும் வேலை நடக்கவில்லை. நீல நிறத்தில் ஒன்று கேட்டிருந்த பையன் வந்து வந்து போனான். மரத்தில் உப்புத்தாளை வைத்தால் இசக்கிக்குக் கை நின்றுவிடும். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அவனுக்கே தெரியாதபோது யாருடைய பொருளை எந்தத் தைரியத்தில் தொடுவது? திரும்பிக் கம்பெனிக்கே போய் காண்ட்ராக்டரைப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தான்.

முத்துச்செல்விதான் டால்டா டப்பாவை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு லீவு. செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தாள்.

“பழைய கம்பி இதுலதான கெடக்கு?”

“இதுல ஊர்ப்பட்ட கெடார் கம்பியெல்லாம் கெடக்கு. எத எதுன்னு கண்டுபிடிக்க?”

“நான் நாள் முச்சூடும் அங்க என்னத்தச் செய்யேன்? ஒரே மாதிரி ஒயரு ஆயிரம் கெடக்கும். நீளத்தப் பாத்துத்தான் பிரிப்பேன். இங்கன உக்காருங்க.”

தலைப்பக்கக் கம்பி குட்டை, கீழே வர வர நீளம். அவள் ஒவ்வொன்றாக விரலால் உருட்டி, பள்ளத்தைத் தடவி, அதனதன் இடத்தில் அடுக்கினாள். சந்தேகம் வந்தவற்றை அவனிடம் நீட்டினாள். மத்தியானச் சோறு தள்ளிப்போனது. கடைசியில் தாளின் மேல் ஏணிபோலக் கம்பிகள் வரிசையாகக் கிடந்தன. அந்தப் பையன் விரல் ஓடிய தடம் அதில் மேலும் கீழுமாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் இசக்கி போய்க் கேட்டபோது கிடாரை எடுத்துக் கொடுத்தது வரதுதான்.

“இன்னும் என்ன பண்ணப் போறே?”

“பழைய கம்பியத் திருப்பிப் போடுதேன் சாமி. இரையும்.”

வரது அவனையே பார்த்தார். “பத்திரமா எடுத்துண்டு போ” என்றார்.

நல்ல கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தேய்ந்த கம்பியை யாராவது போடுவார்களா? இந்தத் தொழிலில் கேட்டால் சிரிப்பார்கள். அவன் ஒவ்வொன்றாக அதன் அதன் இடத்தில் பதித்தான். தந்தி மாட்டித் தட்டியதும் ‘ர்ர்’ என்று ஒரு இரைச்சல், ஜன்னல் கண்ணாடியில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல. முத்துச்செல்வி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் அவன் மறுபடி தந்தியைத் தட்டியபோது வரது கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொரு தரம்” என்றார். தட்டினான். “அதான்” என்றார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அரவிந்தவல்லி கிடாரை வாங்கி மடியில் நிறுத்தினாள். வாசிக்கிறவனைப்போலவே வலது கையை மேல் விளிம்பின் மேல் போட்டுக்கொண்டாள்.

“அம்மா, அந்த எடத்துல பூச்சச் சொரண்டி எடுத்துரலாம். ஆனா அது நான் சொரண்டுன எடமாத்தான் இருக்கும்.”

“வேண்டாம்ப்பா. நீ சுரண்டினா அது எனக்கெதுக்கு?” அவள் கையை அசைக்கவில்லை. “காலேஜ்லே சேர்ந்தப்போ வாங்கினான். அவன் கை பட்டுத் தேய எட்டு வருஷம் ஆச்சு. நான் தினம் இப்படிக் கையை வெச்சுண்டு உக்காந்தா, எத்தனை வருஷத்துலே தேயும்?”

கம்பெனியில் அந்தப் பூச்சு அடித்த தகட்டை ஒரு மெஷினில் மாட்டி, பிரஷ்ஷால் நாள்கணக்கில் தேய்த்துப் பார்ப்பார்கள். இசக்கி எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். ஒரு கோடு விழாது. ஒரு தாயின் முன்கை, அதுவும் இவ்வளவு மெலிந்த கை, அதை என்ன செய்துவிட முடியும்? ஆயுசுக்கும் தேயாது என்று அவனே இந்தக் கூடத்தில் நின்று சொன்னதுதானே?

“தேஞ்சிரும்மா” என்றான். “கொஞ்ச நாளாவும். ஆனா தேஞ்சிரும்.”

அவள் முகம் மலர்ந்தது. எந்த மலர்ச்சியைப் பார்க்க ஆசைப்பட்டு அவன் அத்தனையும் தேய்த்தானோ, அது வந்தேவிட்டது. அவனால்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

இசக்கியின் தொழில் அதற்குப் பிறகு வளர்ந்தது. ஒரகடம் பக்கமும் புதுக் கம்பெனிகள் வந்தன, புதுப் பையன்கள் வந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும்கூடத் தங்களுக்கென்று ஒரு வடிவம் வரைந்துகொண்டு ஆட்கள் மண்ணூர் தேடி வந்தார்கள். ஆனால் ரிப்பேருக்கு யார் பழைய கிடாரைக் கொண்டுவந்தாலும் அவன் சாக்பீஸை அவர்கள் கையில் கொடுத்துவிடுவான். “எதத் தொடக்கூடாதோ அதுக்கு வட்டம் போடுங்க” என்பான். சிலர் சிரிப்பார்கள். சிலர் யோசித்து யோசித்துப் போடுவார்கள்.

வருஷா வருஷம் மாசியில், யதிராஜின் திதி வருவதற்கு முன்னால், வரது கிடாரை வேட்டியில் சுற்றிக் கொண்டுவருவார். தந்திகள் துருவேறியிருக்கும். மாற்ற வேண்டும். முதல் வருஷம் அவரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு இசக்கி போர்வைக்குப் பின்னால் போனான். தந்திகளை மாற்றினான். மேல் விளிம்பை விளக்கில் பார்த்தான். ஆறு மாசம் தினமும் அந்த அம்மாள் கை வைத்திருந்தும் பூச்சு அன்றைக்கு அடித்ததுபோலப் பளபளத்தது. அவனுக்குத் தாங்கவில்லை. ரெண்டாயிரம் நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் லேசாக, மிக லேசாக இழுத்தான். துடைத்துப் பார்த்தால் மூச்சுக்காற்று பட்டதுபோல ஒரு மங்கல். அவ்வளவுதான்.

அடுத்த மாசியில் வரது சொன்னார், “மங்க ஆரம்பிச்சுடுத்துன்னு அக்கம்பக்கத்துலே எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சா. சின்னக் குழந்தையாட்டம்.”

முத்துச்செல்வி மட்டும் ஒருமுறை கேட்டாள். “சொரண்டுனா எனக்கெதுக்குன்னுதான சொன்னாவ அந்தம்மா? இது பாவம் இல்லியா?”

“தெரியலளா. பாவமாத்தான் இருக்கும்.”

அவள் எழுந்து போய், பேப்பரை நனைக்கக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இந்த வருஷமும் வரது வந்தார். உடம்பு இன்னும் ஒடுங்கியிருந்தது. இசக்கி கிடாரை உள்ளே கொண்டுபோய் விளக்குக்குக் கீழே சாய்த்தான். சாய்த்தவன் அப்படியே நின்றான். போன வருஷம் அவன் விட்ட மங்கலைவிட இது அதிகம். கை பட்டு வந்த மங்கலா? குனிந்து பார்த்தான். எத்தனையோ ஆயிரம் கார்களைப் பார்த்த கண் அது. ஏமாற்ற முடியாது. பொடிப்பொடியாக, வட்டம் வட்டமாகக் கோடுகள். பித்தளைப் பாத்திரத்தைத் தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுத் தேய்த்தால் விழுமே, அந்தக் கோடுகள்.

போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். வரது சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த அவர் வலது கை விரல்களின் நகக்கண்ணில் சாம்பல் ஏறியிருந்தது.

“சாமி,” என்றான் இசக்கி. அவர் திரும்பவில்லை.

“சாம்பல் வேண்டாம் சாமி. கோடு விழுது. அம்மா கண்டுபிடிச்சிருவாவ.”

ஒரு கன்டெய்னர் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

“நீ பண்றது போறலைன்னு தோணித்து” என்றார் வரது. “அவளுக்கு ரத்த அழுத்தம் ஜாஸ்தியாயிண்டே இருக்கு. அவ கண் மூடறதுக்குள்ளே மரம் தெரியணுமேன்னு பார்த்தேன். அவ கோயிலுக்குப் போற நேரத்துலே தேய்ப்பேன்.”

இசக்கி உள்ளே போய் ரெண்டாயிரம் நம்பர் பேப்பரில் ஒரு துண்டு கிழித்து எடுத்துவந்து அவர் கையில் வைத்தான்.

“தண்ணி தொட்டுக்கிடுங்க. லேசா. ஒரே பக்கமா இழுங்க, கை போற பக்கமா.”

வரது அதை விரல்நுனியால் தடவிப் பார்த்தார். நான்காக மடித்து, இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார். பிறகு கிடாரை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காகச் சாலையோரம் போய் நின்றார்.